வாசலில் ஒரு கார், வராத சொந்தக்காரர்

இந்த வாரக் கேள்வி

"கிள்ளானில் எங்கள் அம்மா இருந்த பழைய தரைவீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். மாதம் 1,200 ரிங்கிட். 2 ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர், கடைசி 3 மாதம் கட்டவில்லை. ஒருநாள் சாவியைக் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். கைப்பேசியை எடுப்பதில்லை. அவர் விட்டுச்சென்ற பழைய புரோட்டோன் வீரா கார் வாசலிலேயே நிற்கிறது. டயர்களில் காற்று இல்லை. அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் காரைப் பார்த்ததும், 'இதை எடுத்த பிறகு கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் 800 ரிங்கிட் தருவதாகவும், தானே தூக்கிக்கொண்டு போவதாகவும் சொல்கிறார். வாடகைப் பாக்கிக்கு ஈடாக அதை விற்றுவிடலாமா?"

- வாசகி, கிள்ளான்

சகோதரி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: விற்காதீர்கள். இடம் உங்களுடையது, கார் உங்களுடையது அல்ல. அவர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் நமக்குக் கடன்பட்டிருப்பதால் மட்டும் அவருடைய பொருள் நம்முடையதாகிவிடாது.

"அவர் சட்டத்தை மதிக்கவில்லை, நான் மட்டும் மதிக்க வேண்டுமா?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். ஆனால் இப்போது அவர் பெயரில் இருக்கும் தவற்றை நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டாம். சரியான வரிசையில் போனால் இந்தக் காரை அகற்ற வழி இருக்கிறது.

செய்யக் கூடாத மூன்று

முதலாவது, இரும்புக் கடைக்கு விற்பது. உங்கள் வாசலில் நிற்கிறது என்பதற்காக அந்தக் கார் கேட்பாரற்றதாகிவிடவில்லை. பிறர் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வதற்குக் குற்றவியல் சட்டத்தில் 403ஆம் பிரிவு இருக்கிறது. வாகனத் திருட்டுக்கென்றே தனியாக 379ஏ பிரிவு இருக்கிறது. அதற்கு ஓராண்டு முதல் 7 ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. வாகனத்தின் உதிரிப்பாகங்களைத் திருடினாலும் இதே பிரிவுதான். உங்களிடம் திருட்டு எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்து, "என் காரை விற்றுவிட்டார்கள்" என்று போலீஸில் புகார் கொடுத்தால், அந்த எண்ணம் இல்லை என்று விளக்க வேண்டிய நிலை உங்களுக்குத்தான் வரும். சிவில் வழக்குப் போட்டால் காரின் மதிப்பையும் கேட்பார். கையில் வரும் 800 ரிங்கிட்டுக்கு இது பெரிய விலை.

இரண்டாவது, இரவோடு இரவாகத் தெருவுக்குத் தள்ளிவிடுவது. "தெருவில் நின்றால் நகராண்மைக் கழகம் இழுத்துக்கொண்டு போய்விடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொது இடத்தில் இடைஞ்சல் ஏற்படுத்துவது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின் கீழ் குற்றம். காரைக் கொண்டுவந்து அங்கே வைத்தவர் நீங்கள் என்றால், இடைஞ்சல் செய்தவரும் நீங்கள்தான். எதிர்வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும்.

மூன்றாவது, "வாடகையைக் கொடுத்தால்தான் காரைக் கொடுப்பேன்" என்று மறித்துவைப்பது. இதைத்தான் பலரும் தங்கள் உரிமை என்று நினைக்கிறார்கள். நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. உரியவர் வந்து கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்துவிட வேண்டும். வாடகைப் பாக்கியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நகராண்மைக் கழகம் ஏன் வருவதில்லை?

தெருவோரம், பொதுக் கார் நிறுத்துமிடம், கடைவீதி போன்ற இடங்களில் கைவிடப்பட்ட வாகனம் நின்றால் ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. முதலில் காரின் மீது அறிவிப்பு ஒட்டுவார்கள். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் எடுக்காவிட்டால் இழுவை வண்டி வைத்துக் கொண்டுபோய்த் தங்கள் கிடங்கில் வைப்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் உரிமையாளர் யார் என்று கேட்பார்கள். திருட்டு வாகனமா என்று போலீஸிடம் சரிபார்ப்பார்கள். யாரும் வராவிட்டால், உரிய நடைமுறைக்குப் பிறகு ஏலத்துக்கோ உடைப்புக்கோ போகும். கெடு எத்தனை நாள் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும்.

இதெல்லாம் உங்கள் இரும்புக் கேட்டுக்கு வெளியே. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் அது தனியார் இடம். அங்கே நிற்கும் காரை உங்களுக்காக இழுத்துச் செல்வது மன்றத்தின் வழக்கமான வேலை அல்ல. ஆகவே முகப்பிடத்தில் "எங்களால் முடியாது" என்று சொன்னால் அது அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் ஒரு புகார் எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

கார் உண்மையில் யாருடையது?

"வாடகைக்கு இருந்தவருடையது" என்று சட்டென்று சொல்லிவிட வேண்டாம். ஓட்டியவர் ஒருவர், கிராண்டில் பெயர் உள்ளவர் இன்னொருவர் என்பது நம் நாட்டில் சகஜம். பழைய கார்கள் பெயர் மாற்றாமலே இரண்டு மூன்று கை மாறியிருக்கும். புதிய கார்களில் 'சம்பங் பாயார்' இருக்கிறது: ஒருவர் பெயரில் வங்கிக் கடன், தவணை கட்டி ஓட்டுவது வேறொருவர். உங்கள் வீரா எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை. காரை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பதிவு எண், சாலை வரி வில்லை இருந்தால் அதன் காலாவதித் தேதி, டயர்கள், கீறல்கள், கண்ணாடி வழியே தெரியும் பொருள்கள் எல்லாம் தெரிய வேண்டும். 2023 முதல் தனியார் வாகனங்களுக்குச் சாலை வரி மின்னியல் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே வில்லை இல்லை என்பதை மட்டும் வைத்து வரி கட்டவில்லை என்று முடிவுகட்ட முடியாது. கதவை உடைக்காதீர்கள். வீட்டுக்குள் அவர் விட்டுப்போன கடிதங்கள், காப்புறுதித் தாள், வங்கிக் கடிதம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் பதிவு செய்யுங்கள். "இது சிவில் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது" என்று சொல்லலாம். நீங்கள் கேட்பது தலையீடு அல்ல, பதிவு. இன்ன எண்ணுள்ள வாகனம், இன்ன தேதியிலிருந்து, என் அனுமதியில்லாமல் என் இடத்தில் நிற்கிறது. உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்று வருகிறேன். இது திருட்டு வாகனமா என்று சரிபார்க்க வேண்டுகிறேன். இவ்வளவு போதும். திருட்டுக் கார் என்று தெரிந்தால் போலீஸே எடுத்துச் செல்லும். உங்கள் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

அந்தப் புகார் நகலோடு ஜேபிஜே முகப்பிடத்துக்குப் போய், பதிவு உரிமையாளரைத் தொடர்புகொள்ள என்ன வழி என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பிறருடைய விவரங்களைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் வழக்கறிஞர் மூலம் கேட்டால் எளிதாக இருக்கும்.

வங்கிக் கடன் பாக்கி இருந்தால்

உங்கள் வீரா பழைய கார். கடன் எப்போதோ முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதே போன்ற சிக்கலில் இருக்கும் வேறு வாசகர்களின் வாசலில் நிற்பது நாலைந்து வருட மைவியாக இருக்கலாம். அப்படியானால் நிலைமை வேறு. ஒரு வகையில் நல்லதும்கூட.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அதாவது நாம் 'சேவா பெலி' என்று சொல்லும் முறையில், கடைசித் தவணை கட்டி முடியும்வரை காரின் சட்டப்படியான உரிமையாளர் வங்கிதான். தவணை கட்டுபவருக்கு அதுவரை அனுபவ உரிமை மட்டுமே. வாசலில் காரை விட்டுவிட்டு ஓடியவர் பெரும்பாலும் தவணையையும் நிறுத்தியிருப்பார். தொடர்ந்து 2 தவணை கட்டாவிட்டால் வங்கி முறைப்படி அறிவிப்பு அனுப்பி, 21 நாளுக்குப் பிறகு காரை மீட்கலாம். மொத்தத் தொகையில் 75 விழுக்காட்டுக்குமேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆகவே வங்கி எது என்று தெரிந்தால், "உங்கள் கார் இங்கே நிற்கிறது" என்று ஒரு கடிதம் போடுங்கள். பல மாதங்களாக அந்தக் காரைத் தேடிக்கொண்டிருப்பது அவர்களாகவே இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "வங்கி அனுப்பியது" என்று சொல்லிக்கொண்டு இழுவை வண்டியோடு வருகிற எல்லாரிடமும் காரைக் கொடுத்துவிடாதீர்கள். வாகனம் மீட்கும் முகவர்களுக்கு அரசாங்க பெர்மிட் வேண்டும். பெர்மிட், அடையாள அட்டை, வங்கியின் அதிகாரக் கடிதம் மூன்றையும் பார்த்து, படம் எடுத்து, வங்கிக்கு ஒரு முறை அழைத்து உறுதிசெய்த பிறகே கேட்டைத் திறவுங்கள்.

அறிவிப்புக் கடிதம்

அடுத்து, எழுத்து மூலம் ஓர் அறிவிப்பு. நாளை நீதிமன்றம் போக நேர்ந்தால் உங்களுக்குத் துணை நிற்பது இந்த ஒரு தாள்தான். மலாய் மொழியில் எழுதுவது நல்லது; போலீஸ், ஜேபிஜே, நீதிமன்றம் எங்கே கொண்டுபோனாலும் அப்படியே பயன்படும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"இன்ன பதிவு எண் கொண்ட கார், இன்ன முகவரியிலுள்ள என் வீட்டு வளாகத்தில் இன்ன தேதி முதல் என் அனுமதியின்றி நிற்கிறது. இன்ன தேதிக்குள் உரிமைச் சான்றுடன் வந்து எடுத்துச் செல்லவும். தவறினால் காரை வேறிடத்துக்கு மாற்றவும், நீதிமன்றத்தை நாடவும் நேரும். அதற்காகும் செலவைத் தங்களிடம் கோருவேன்."

எத்தனை நாள் கெடு? நியாயமான அவகாசம் தர வேண்டும். ஒரு மாதம் கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முகவரி, அடையாள அட்டையில் உள்ள முகவரி, தெரிந்தால் வேலையிடம் என எல்லாவற்றுக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்கண்ணாடியில் ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுங்கள். "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று அஞ்சல் திரும்பி வந்தால் எரிச்சலில் கிழித்துப் போடாதீர்கள். பிரிக்காத உறை நல்ல சான்று.

வாடகைப் பாக்கியை எப்படி வாங்குவது?

வாடகைப் பாக்கிக்காக, வாடகை வீட்டில் இருக்கும் பொருள்களைக் கைப்பற்றி விற்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது: 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டம். வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கடைசி 12 மாதத்துக்கு மேற்படாத வாடகைப் பாக்கிக்காக வாரண்டு கேட்கலாம். பொருளைக் கைப்பற்றுவதும் மதிப்பிடுவதும் விற்பதும் நீதிமன்ற அதிகாரிதான், நீங்கள் அல்ல. கார் வேறொருவருடையது அல்லது வங்கியுடையது என்றால் அவர்கள் வந்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாடகைக்கு இருந்தவர் ஏற்கனவே சாவியை விட்டுப் போய்விட்ட உங்கள் நிலையில் இந்த வழி பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பாக்கி 3 மாதம், 3,600 ரிங்கிட். வழக்கப்படி 2 மாத முன்பணம் வாங்கியிருந்தால் 2,400 உங்கள் கையில் இருக்கிறது. மின்சாரம், தண்ணீர் பாக்கி இல்லையென்றால் மீதி 1,200தான். கார் இரும்பு விலைக்கு 800. வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் இழப்பது 1,200. உங்கள் நஷ்டம் காரில் இல்லை, சகோதரி, காலத்தில் இருக்கிறது. அந்த வீராவிலிருந்து காசு எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வாசலை எவ்வளவு சீக்கிரம் காலி செய்யலாம் என்று யோசியுங்கள். மீதிப் பாக்கியை அவர் இருக்குமிடம் தெரிந்த பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகத் தொடுக்கலாம். அதில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடுவதுதான் முறை.

கெடு முடிந்தும் வரவில்லை என்றால்

இங்கே இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நீதிமன்ற உத்தரவு. காரை எடுக்கச் சொல்லியும், எடுக்காவிட்டால் அப்புறப்படுத்த அனுமதி கேட்டும் மனுப் போடலாம். மிகவும் பாதுகாப்பான வழி. காரை உடைப்புக்கு அனுப்புவதோ விற்பதோ முடிவாக வேண்டுமென்றால் இந்த உத்தரவு கையில் இருக்க வேண்டும். செலவும் நேரமும் ஆகும். வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு, விற்காமல் இடம் மாற்றுவது. நம்மிடம் வலிய வந்து சேர்ந்த பிறர் பொருளை நாம் பொன்போலப் போற்றிக் காக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே சேதப்படுத்தக் கூடாது, தனதாக்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அறிவிப்புக் கெடு முடிந்த பிறகு, படுக்கைத் தட்டுள்ள இழுவை வண்டியில் ஏற்றி, பூட்டிய வேறு தனியார் இடத்துக்கு மாற்றலாம். உறவினரின் காலி இடமாக இருக்கலாம். மாத வாடகைக்கு விடும் கிடங்காக இருக்கலாம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் படம் எடுங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கார் எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கு மறுபடியும் எழுத்தில் தெரிவியுங்கள். முன்பு கொடுத்த போலீஸ் புகாரோடு ஒரு கூடுதல் புகாரும் சேருங்கள். மாற்றுவதற்கு முன்பு அரை மணி நேரம் ஒரு வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டிவிடுவது நல்லது. கார் இன்னும் அவருடையதுதான். ஆனால் வாசல் மீண்டும் உங்களுடையதாகிவிடும். அடுத்த மாதமே வீட்டை வாடகைக்கு விடலாம்.

உங்கள் வழக்கில் சாவி கைக்கு வந்துவிட்டது. சாவி வராமல், வாடகைக்காரரின் சாமான்களும் உள்ளே இருக்கும் நிலையில் பூட்டை உடைத்து உள்ளே போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: வாடகைக்காரரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது.

அதுவரை கொசு காத்திருக்காது

கடிதமும் கெடுவும் போய்க்கொண்டிருக்கும்போதே உடனே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நிற்கும் காரின் மூடி விளிம்பு, உடைந்த விளக்கு, பின்பெட்டி, பக்கத்தில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றிலும் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, கொசு வளர இடம் கொடுத்ததற்குப் பொறுப்பு அந்த இடத்தை வைத்திருப்பவர்மீது விழும். சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட்வரை கம்பவுண்டு கொடுக்கலாம். நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட்வரை அபராதமோ 2 ஆண்டுவரை சிறையோ விதிக்க முடியும். "கார் என்னுடையதல்ல" என்று சொல்லித் தப்ப முடியாது.

வாரம் ஒரு முறை போய்த் தண்ணீரைக் கொட்டுங்கள். காரைக் கெட்டியான தார்ப்பாய் போட்டு, நீர் தேங்காதபடி சாய்வாகக் கட்டுங்கள். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். அபராதத்தைவிட அது பெரிய காரணம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

அடுக்குமாடி, கொண்டோ வாசிகளுக்குச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிமுறைகளில், தவறாக நிறுத்தப்பட்ட அல்லது கைவிடப்பட்ட வாகனத்தை நிர்வாகமே சக்கரப்பூட்டுப் போடவும் இழுத்துச் செல்லவும் இடமிருக்கிறது. பூட்டைத் திறக்க விதிக்கும் கட்டணம் 200 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. இழுவைச் செலவு தனி. ஆகவே உங்கள் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் காரை விட்டுப் போயிருந்தால் நீங்களே இழுவை வண்டியைக் கூப்பிடாதீர்கள். நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒன்று கவனிக்க: இழுக்கும் அதிகாரம் வேறு, விற்கும் அதிகாரம் வேறு. மேலே சொன்னதெல்லாம் நிர்வாகத்துக்கும் பொருந்தும்.

பட்டறைக்காரர்களுக்கும் இதே தலைவலி. பழுது பார்க்கக் கொடுத்தவர், செலவைக் கேட்டதும் காணாமல் போய்விடுவார். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வேலை செய்தவருக்குக் கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வீட்டுக்காரருக்கு இல்லாத இந்த உரிமை பட்டறைக்காரருக்கு உண்டு. ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. விற்றுக்கொள்ளலாம் என்று அல்ல.

சொந்தக்காரர் சொந்தக்காரராகவே இருந்தால்

இந்தக் கேள்வியைப் படித்த பலருக்கு நினைவுக்கு வருவது வாடகைக்காரர் அல்ல. மச்சானோ, சித்தப்பா மகனோதான். "ரெண்டு வாரம் இங்கே நிற்கட்டும் மாமா, சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் வந்து எடுத்துக்கிறேன்." இரண்டு வாரம் இரண்டு வருடமாகியிருக்கும். கேட்டால் மனஸ்தாபம், கேட்காவிட்டால் நம் கார் தெருவில் நிற்கும்.

இதற்கு வக்கீல் கடிதம் தேவையில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு மானத்தை வாங்கவும் வேண்டாம். அவருக்கு மட்டும் தனியாக, தேதியோடு ஒரு செய்தி: "தம்பி, தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அதற்குள் காரை எடுத்துவிடு. முடியாவிட்டால் விற்பதா, உடைப்பதா என்று சொல். தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, நான் ஆள் பார்க்கிறேன்." முடிவெடுக்கும் உரிமை அவரிடமே இருக்கிறது, தேதி உங்களுடையது. அவர் எழுத்தில் சம்மதம் தந்து, கிராண்டும் அடையாள அட்டை நகலும் கொடுத்தால், ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்து உடைப்புக்கு அனுப்புவது கடினமான வேலை அல்ல. வாய்ச்சொல் மட்டும் போதாது.

காரின் உரிமையாளர் காலமாகியிருந்தால் அவருடைய கார் அவரது பிற சொத்துகளோடு சேர்ந்தது. வீட்டில் இருப்பவர் விருப்பப்படி விற்க முடியாது. இறந்தவர் விட்டுச்சென்றது அசையும் சொத்து மட்டும், அதுவும் 600,000 ரிங்கிட்டுக்கு மேற்படவில்லை என்றால் அமானா ராயா மூலம் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்பாவின் கார் என்று பாசத்தோடு நிறுத்திவைத்திருப்பவர்கள், அது துருப்பிடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

காரை விட்டுப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

தவணை கட்ட முடியாமல் காரை எங்காவது நிறுத்திவிட்டு மறைந்துவிடலாம் என்று நினைக்கும் இளையோர் இருக்கிறார்கள். காரை விட்டாலும் கடன் விடாது. வங்கி மீட்டு விற்ற பிறகும் குறைகிற தொகையை உங்களிடம்தான் கேட்கும். பேங்க் நெகாராவின் கடன் பதிவு முறையான சிசிரிஸில் பாக்கி தெரியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வங்கியிடம் முதலில் போய்ப் பேசுங்கள். கார் நின்ற இடத்துக்காரர் வேறு ஒரு பக்கம் வழக்குப் போடும் நிலை வராது.

அடுத்த வாடகைக்காரர் வருமுன்

சகோதரி, புதிய ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாசலில் நிறுத்தப்போகும் வாகனத்தின் பதிவு எண்ணும், அது யார் பெயரில் இருக்கிறது என்பதும். இரண்டு, வீட்டைக் காலி செய்து இத்தனை நாளுக்குப் பிறகும் எடுக்காத பொருளையும் வாகனத்தையும், அறிவிப்பு கொடுத்த பின் வீட்டுக்காரர் அப்புறப்படுத்தலாம், செலவு வாடகைக்காரருடையது என்ற சம்மதம். கார் வங்கியுடையதாகவோ வேறொருவர் பெயரிலோ இருந்தால் இந்த வரி அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இப்போது நீங்கள் வெறுங்கையோடு நிற்பதுபோல் அடுத்த முறை நிற்க வேண்டியிருக்காது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு உறவினரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான்: படம் எடுப்பது, போலீஸ் புகார் பதிவது, ஒரு மாதக் கெடு வைத்துக் கடிதம் அனுப்புவது. இரும்புக் கடைக்காரர் மறுபடி அழைத்தால், "தாள் வரட்டும், சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பூனைக் குட்டிகளுக்கும் அதற்குள் கண் திறந்துவிடும்.

(இங்கே சொல்லப்படுவது பொதுவான சட்டத் தகவல். உங்கள் ஒப்பந்தத்துக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப முடிவெடுக்க வழக்கறிஞரை அணுகவும்.)